அரை மணிக்கு ஒரு பக்கம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். என் மனைவியின் சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு களுதாவளையில் கிடைத்த சுனாமி வீடும் அவள் பெயரில்தான். அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் டீவி ரிமோட். அதை வைத்துக்கொண்டு நீதவான் மாதிரி இருந்தேன்!

யுத்தத்தின் கடைசி மாதங்கள். டிஷ் பூட்டிய வீடு எங்கள் வரிசையில் எங்களுடையது மட்டும். பின்னேரமானால் அயல் முழுக்க வந்து குந்திவிடும். பாதிப் பேருக்குக் கொழும்புச் செய்தி வேண்டும். மற்றப் பாதிக்கு வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தி. அதைக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துத்தான் பார்ப்போம். ஒருநாள் வாய்த்தர்க்கம் கைகலப்பாகப் பார்த்தது. எனக்குப் பொல்லாத கோபம்.

"அர மணித்தியாலம் அது, அர மணித்தியாலம் இது. விருப்பமில்லாதவன் எழும்பிப் போ!"

"ரெண்டு தோணியில கால் வைக்காத மச்சான், வாவிக்குள்ளதான் விழுவாய்" என்று மனைவியின் அண்ணன் சிரித்தார்.

அடுத்த வீட்டு அக்கா எந்தப் பக்கமும் இல்லை. அவளுடைய ஒரே மகன் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். மாதக்கணக்கில் தகவல் இல்லை. திரைக்குக் கிட்ட இருந்து முகங்களை மட்டும் பார்ப்பாள்.

"சனத்தக் காட்டினாப் போதும் தம்பி. ஆர் காட்டினா என்ன?"

அன்று கொழும்புச் செய்தியில், வன்னியிலிருந்து வெளியேறிய சனம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அரை மணி முடிந்தது. மாற்றினேன்.

"ஐயோ, என்ட புள்ள! மாத்தாத தம்பி, மாத்தாத!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறுங்கக்கா, மத்தவங்களுக்கும் நியாயம் வேணும்" என்றேன். அவள் கத்தியது மண்டையில் ஏறித் திருப்பிப் போட்டபோது சவர்க்கார விளம்பரம் ஓடியது.

அடுத்த நாட்களில் இரண்டு கட்சிக்காரரும் அந்தக் கொழும்புச் செய்தியையே பார்த்தார்கள். பாவம், ஒருவரும் தன் அரை மணியைக் கேட்கவில்லை. அந்தக் காட்சி மட்டும் திரும்ப வரவில்லை. யுத்தம் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு, வெளியேறிய சனத்தை அடைத்துவைத்திருந்த முகாம் முகாமாக அலைந்தேன். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், குற்ற உணர்வு தாங்காமல், "அது வேற ஆரோவா இரிக்கும் அக்கா" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை.

"நான் கண்டன் தம்பி. அவன் நடந்துதான் வந்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீயும் கண்டிருப்பாய். எனக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்."