அண்ணனோட இங்கிலீஷ் கேசட்

நேத்து பஸ்ஸுல ஒரு பையன் போன்ல ட்ரம் அதிர ஒரு இங்கிலீஷ் பாட்டு கேட்டதும், அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்த கேசட் கடை கண்ணுல வந்து நின்னுடுச்சு. ஊதுபத்தி வாசமும் சூடேறின டேப் வாசமும் கலந்து, கண்ணாடியில சிமெண்ட் லாரிப் புழுதி படிஞ்சு, எந்நேரமும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்குற அந்தக் கடைக்கு, நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, கல்லங்குறிச்சிப் பெருமாள் பாட்டு பதிய அம்மா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுட்டுப் போன கேசட்டுதான் கையில. ஒரு ராக் குழுவோட பேர்போன பாட்டா பொறுக்கிச் சேர்த்தது.

"இந்தக் கத்தலை அழிச்சுட்டு சாமி பாட்டு போடுங்க தம்பி."

மேல யாரும் பதிஞ்சுடக் கூடாதுன்னு கேசட் விளிம்புல இருக்குற சின்னத் தகட்டை அண்ணன் உடைச்சு வச்சிருந்த ஓட்டையில காகிதம் ஒட்டிக்கிட்டே, "அழிச்சா திரும்ப வராதுங்கம்மா"ன்னு கடைக்காரர் கொஞ்சம் ஓட விட்டாரு. சோறு வர்ற வரைக்கும் அண்ணன் தட்டுல தட்டுவானே, அதே தாளம். அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"நிறுத்துங்க தம்பி. சாமிக்குப் புதுசு ஒண்ணு குடுங்க."

அன்னைக்கு விளக்கேத்திட்டு, "மொதல்ல அவன் பாட்டைப் போடுடி, பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு"ன்னாங்க.