பிஎம்பி கோப்பில் காலியிடம் கிடையாது

மலாய் நாட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸில் கடைப்பலகைகள் தமிழில் இருக்கின்றன, டீ ஆற்றுகிறவர் தமிழில் பேசுகிறார். ஆனாலும் நான் வாயைத் திறந்தவுடன், "நீங்க இந்தியாவா?" என்று தமிழிலேயே கேட்கிறார்கள். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. இவர்கள் தமிழ் கலப்படம், என்னுடையதுதான் அசல் என்று நினைத்துக்கொண்டேன்.

இறந்தவர்களின் படத்தை மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டில் பொறித்துத் தரும் கடை எங்களுடையது. கணினியில் படத்தைத் தயார்செய்வது நான். இங்கேயே சுங்கை வேயில் பிறந்து வளர்ந்த தேவி அக்கா இயந்திரத்தை ஓட்டுவார். படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுத்தால் சுற்றிலும் நிறமில்லாத காலியிடம் வரும். இயந்திரம் படிக்கும் பிஎம்பி கோப்பில் காலி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. கறுப்பை இயந்திரத்தின் ஊசி தொடாது, வெள்ளையைக் குத்திக் கல்லை வெளுத்துவிடும்.

பந்திங்கிலிருந்து வந்த ஓர் ஆன்டி, லோரி ஓட்டிய தன் கணவரின் படத்தைக் கொடுத்திருந்தார். நான் கோப்பை அனுப்பியதும் அக்கா கேட்டார்: "தம்பி, பின்னால ஹீத்தாம் ஊத்திட்டியா? காலியா வுட்டா மெஷின் வெள்ளைன்னு எடுத்துக்கும்லா." கறுப்புக்குக்கூட மலாய்ச் சொல்தானா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, "எல்லாம் பாத்துட்டேன்க்கா" என்றேன். பார்க்கவில்லை. அருப்புக்கோட்டை ஸ்டூடியோவில் எட்டு வருடம் கல்யாண ஆல்பம் செய்தவன் நான். அங்கே காலியிடம் தாளின் வெள்ளையாகவே நின்றுவிடும், யாருக்கும் நட்டமில்லை.

இங்கே கல் பாழானது. சுண்ணாம்பு அடித்ததுபோல் சுற்றிலும் வெளுத்துக் கிடக்க, நடுவில் அந்த மனிதர். மறுநாள் கல் நடுவதாக இருந்த ஆன்டி வாங்கிப்போக வந்து, அதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். யார் தப்பு என்றார் முதலாளி. என் வேலை பெர்மிட் அவர் கையில். "நான் ஃபைல் சரியாத்தான் குடுத்தேன் பாஸ்" என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் செட்டிங் பாக்கல பாஸ்" என்றார்.

ஆன்டி அக்காவின் முகத்துக்கு நேரே, "இங்க நம்ம ஆளுங்க வேலையே இப்படித்தான்" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ தமிழ்நாட்டுப் புள்ள, சுத்தமா செய்வே. இந்த தடவ நீயே கூட இருந்து பாத்துக்கய்யா." நான் தலையாட்டினேன்.

மதியம் அக்காவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பாஸ் கோவத்துல பெர்மிட்ட கட் பண்ணிட்டா நீ ஃப்ளைட் ஏறணும். எனக்கு நாலு திட்டு, அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றவர், சோற்று டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஆனா இனிமே நான் கேட்டா உண்மைய சொல்லு." முதலாளியிடம் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது கல் நன்றாக வந்தது. ஆன்டி கணவரின் கன்னத்தைத் தடவி அழுதார். பிறகு என்னோடு ஒரு படம் வேண்டும் என்று தன் கைபேசியை அக்காவிடமே கொடுத்தார். கல்லுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். "இன்னும் தள்ளி நில்லு தம்பி, கல்லு மறையுது" என்றார் அக்கா.

ஆன்டி எனக்கு அனுப்பிவைத்த அந்தப் படத்தை வெட்கமில்லாமல் அம்மாவுக்கு அனுப்பினேன். மகன் வெளிநாட்டில் பேர் வாங்கிவிட்டான் என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு அம்மா கூப்பிட்டாள். "கல்லுக்குள்ள ஒரு பொம்பள நிழலாட்டம் தெரியுதேடா, யாரு அது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி தொடாத கறுப்பில், கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி தேவி அக்கா தெரிந்தார்.

"கூட வேலை பாக்குறவங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.