கோயில் முகப்புக்கு வந்த கடற்கல்

"எல்லைப் போராட்ட நாட்களில் நமது கோயில் முகப்பு, தூத்துக்குடிக் கடலின் கற்சுண்ணாம்பால் வெள்ளையடிக்கப்பட்டது." பாறசாலைக்கு அருகிலுள்ள எங்கள் கிறிஸ்தவ சபையின் வரலாற்றுக் குறிப்பில் நான் எழுதிய வரி இது. ஆண்டுக்காக விட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜாக்கள் பட்டமேறிய தேதிகளைக் கேட்காமலே ஒப்பித்து வீட்டாரைச் சலிப்படைய வைப்பவன் நான். அந்தக் கல் எடுக்க அப்பாவோடு லாரியில் போனது, போராட்டக்காரர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பா பின்பா என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

சென்ற மாதம் புதுக் கூடத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது, கோயில் தோட்டத்தில் மான்கொம்பு போலக் கிளைத்த வெள்ளைக் கற்கள் கிளம்பின. எலும்பு என்று பயந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய சங்கதி என்றால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். ஒரு கல்லை எடுத்து முகர்ந்தேன். மண்வாசனைதான். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய நாற்றம் வந்துவிட்டது.

எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடும் என்று அப்பா நம்பிய காலம் அது. அவர் சபையில் டீக்கன். ஊர்வலத்தில் வாங்கிய லத்தியடியால் இடது தோளைத் தூக்க முடியாது. கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் மலையாள ஆராதனை. வருஷாவருஷம் அசனம் என்னும் சபை விருந்துக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிக்க, காஞ்சிரங்குளம் கடற்கரையிலிருந்து திரேசம்மா தன் சூளையில் கக்காச் சிப்பியை எரித்து நீற்றிய சுண்ணாம்பு கொண்டுவருவாள். அந்த வருஷமும் கேட்க வந்தாள்.

"டீக்கனாரே, எத்தன கூடை வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். இந்தத் தடவ நம்ம கடல்லேந்து வருது."

"அப்பம் இது ஆருக்க கடலு?"

"இது மலையாளக் கடலாக்கும்."

"நான் இப்பம் ஒமக்ககிட்ட மலையாளமா பேசுகேன்?"

அப்பா உள்ளே போய்விட்டார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான், முகப்பு தமிழ்க் கடலின் சுண்ணாம்பால் வெளுக்காவிட்டால் டீக்கன் பொறுப்பை விடுகிறேன் என்று சபை நடுவே சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கியவர்கள் திரும்ப ஏறியதில்லை.

லாரி பிடித்து நானும் அப்பாவும் போனோம். தூத்துக்குடியில் நீற்றிய சுண்ணாம்பே கிடைத்தது. அதில் கலப்படம் இருக்கும் என்றார் அப்பா. கரையில் காய்ந்து கிடந்த பவளப்பாறைக் கல்லையும் காட்டினார்கள். அது எந்தக் கடலோ என்றார். கடைசியில், வெட்டுவதைக் கண்ணால் பார்க்க வள்ளத்தில் ஏறினோம். இருவருக்கும் நீந்தத் தெரியாது.

தண்ணீர் வற்றிய நேரம். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். கீழே ஒரு தோட்டம். கோஸ் போல விரிந்தவை, மூளை போல மடிந்தவை, கொம்பு கொம்பாய் நின்றவை. ஊதா, பாசிமஞ்சள், காவி. ஒவ்வொரு சந்துக்குள்ளும் மீன்கள் வீட்டுக்காரர்களைப் போலப் போய்வந்தன. இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். முதல் குத்திலேயே தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கலங்கியது. மேலே வந்த கல்லில் கொழகொழவென்று ஏதோ வழிந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"பாத்தியா மக்கா, நம்ம கடலு."

"ஆமாப்பா" என்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னவே, கருவாடா?"

"கல்லு. கோயிலுக்கு உள்ளதாக்கும்."

"கல்லு நாறுமாவே?"

நாறியது. கோயில் முற்றத்தில் குவித்த மறுநாளே ஊதா நிறம் கறுத்து, நண்டும் புழுவும் செத்து, ஈ மொய்த்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு பாடினார்கள். மலையாள ஆராதனைக்கு வந்த ஒருவர் படியிலேயே நின்று, "டீக்கனாரே, தமிழ்நாடு இங்ஙெத்தியோ? மணம் வருந்நு" என்றார்; தமிழ்நாடு இங்கே வந்து சேர்ந்துவிட்டதா, வாசனை வருகிறதே என்ற நக்கல். எங்கள் ஆட்களும் சிரித்துவிட்டார்கள். இந்தப் பிணநாற்றத்தை எங்கள் சூளையில் ஏற்ற மாட்டோம் என்று சூளைக்காரர்கள் கைவிரித்தார்கள். அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் குவியலைக் காணவில்லை. முகப்பு பால்வெள்ளையாக நின்றது. பனச்சமூட்டுக்கு அப்பால் ஒரு சூளையில் நீற்றியதாக அப்பா சொன்னார். அசனத்தன்று அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார், கைதட்டினார்கள். திரேசம்மா எங்கள் சபைக்காரி அல்ல, அதுவரை அசனத்துக்கு வந்தவளும் அல்ல. அன்று பந்தியில் இருந்தாள். தூக்க முடியாத தோளோடு அப்பாவே அவளுக்குச் சோறு விளம்பினார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, "போதும் டீக்கனாரே, போதும்" என்றாள்.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தாலுகா கேரளத்தில் நின்றது. அப்பா சாகும்வரை டீக்கனாக இருந்தார்.

தோட்டத்தில் கல் கிளம்பிய பிறகு மனசு கேட்காமல், மகனோடு மன்னார் வளைகுடாவுக்குப் போய், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினேன். அங்கங்கே கொஞ்சம் உயிர் இருந்தது. மற்ற இடமெல்லாம் உடைசல், சாம்பல் பூத்த திட்டுகள், அவற்றில் சிக்கிய வலைத்துண்டுகள்.

"அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கு வெட்டித் தள்ளிட்டாங்கய்யா" என்றார் படகுக்காரர். "மிச்சம் இருக்கறதும் கோடையில கடல் சுட்டு வெளிறிப்போவுது. ரெண்டு தீவே முங்கிடுச்சு. இது தடுத்த அலைய வேற எது தடுக்கும்? எந்த ஊருப் பாவிங்க அள்ளிட்டுப் போனாங்களோ. அய்யாவுக்கு எந்த ஊரு?"

"கேரளா" என்றேன்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சொல் எங்கள் ஊருக்கு ஒட்டக்கூடாது என்று லத்தியடி வாங்கியவருடைய மகன் நான். அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பழைய முகப்பை இடித்து ஓடு பதித்துவிட்டார்கள்; சுரண்டிப் பார்க்கச் சுவர் இல்லை. திரேசம்மாவின் சூளை இருந்த இடத்தைக் கடல் அரித்துவிட்டது; தென்னையும் இல்லை, கரையும் இல்லை. தோட்டத்தில் கிளம்பிய கற்கள் எல்லாம் நீற்றாத பச்சைக் கற்கள். வந்த லோடு முழுவதும் இதுதானா, கொஞ்சமாவது எங்கோ எரிந்து சுவருக்கு வந்ததா, இல்லை அத்தனையையும் வீணாகத்தான் வெட்டினோமா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை. வரலாற்றுக் குறிப்பின் அந்த வரிக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்றே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.