துடைத்தால் போதும் தகரங்கள்

நேற்று மாடிவீட்டுப் பெண் ஒரு கேக் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பூராவும் துரு. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள், மகராசி. பெருவிரலால் அழுத்தினால் குழிகிற தகரம். அதற்கு அட்டைப்பெட்டி என்ன, உறை என்ன, நன்றிச் சீட்டு என்ன! பளபளப்பைப் பார்க்காதே, கனத்தைப் பார்த்து வாங்கு, கழுவினால் அந்தக் கையோடு அடுப்பில் காயவை என்றேன். "வீடியோல அப்படிச் சொல்லலையே அங்கிள்" என்றாள். வீடியோவில் சொல்லாததெல்லாம் பொய்தானே.

அந்த ஊறிய துருவின் வாடை எனக்குப் புதிதல்ல. பி.காம். முடித்து, கலெக்டர் வேலையே தேடி வரும் என்று காத்திருந்து, கடைசியில் கோரிப்பாளையத்தில் ஒரு பேக்கரியில் ரொட்டிக்கு மெழுகுத்தாள் சுற்றியவன் நான். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலையில் ரொட்டி போகும். கடை ஓடியதே அதில்தான். முதலாளி ரொட்டித் தகரங்களில் தண்ணீர் படவிடமாட்டார். சூட்டோடு துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, தணியும் அடுப்புக்குள் வைத்துவிடுவார். வருஷக்கணக்கில் எண்ணெய் ஏறித் தகரம் கன்னங்கரேல் என்றிருக்கும். ரொட்டி தட்டினால் கழன்று விழும்.

அவருக்கு ஒரு மச்சினன். அக்கா வீட்டுச் சோற்றில் தொப்பை வளர்த்தவன். வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்பதைத்தான் வேலை என்பான். ஒரு ஆயுதபூஜைக்கு, தாயாருக்கு முடியவில்லை என்று முதலாளி சோழவந்தான் போயிருந்தார். கடை இவன் கையில். சாமி முன்னால் கறுப்புத் தகரத்தையா வைப்பது என்று, அத்தனையையும் புளியும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்க்க வைத்தான். நான் மறித்துப் பார்த்தேன்.

"படிச்ச ஆளு, நீயே அழுக்குக்குப் பரிஞ்சுக்கிட்டு வரலாமா தம்பி?"

ஈரம் காயாமலே சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, மாலை போட்டுக் கடையைப் பூட்டினான். பக்திக்குக் குறைவில்லை, மூளைக்குத்தான். மறுநாள் திறந்தால் எது குங்குமம், எது துரு என்று தெரியவில்லை. அதில் சுட்ட ரொட்டி அடியோடு பிய்ந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுகூடப் போகவில்லை.

ஊரிலிருந்து வந்த முதலாளி ஒரு தகரத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "அம்புட்டு வருசத்தையும் ஒரே நாள்ல கழுவி விட்டுட்டியே மாப்ள."

"சாமிக்குத்தான மச்சான் செஞ்சேன்" என்றான் அவன். சாமியைச் சாட்சிக்கு இழுப்பவனிடம் யார் பேசுவது?

திரும்ப எண்ணெய் ஏற்றிப் பழக்க நாளாகும்; நோயாளியின் பசி அதுவரை காத்திருக்குமா? மச்சினன் ஓடிப்போய்ப் பளபளவென்று மெல்லிசுத் தகரங்கள் வாங்கி வந்தான். அவை சூட்டில் கோணிக்கொண்டன. ரொட்டி அடியில் கருகியது, நடுவில் வேகவில்லை. ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது, பின்னாலேயே கடையும் போனது. அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள்.

சில வருடம் கழித்து முதலாளி அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் பார்க்கப் போனபோது, யாரோ சுட்ட ரொட்டி தட்டில் வந்தது. எடுத்துத் திருப்பி, பிய்ந்திருந்த அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"தகரம் இன்னும் பழகல" என்றார். அப்புறம் பாலில் முக்கி அதையே தின்றார்.