செல்வலட்சுமி வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று செல்வலட்சுமி சொன்னபோது அவள் கணவன் மணிகண்டன் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். எதற்கென்று தெரிந்ததும் உருட்டிய சோறு கையிலேயே நின்றுவிட்டது.

"கேம் வெளையாடவா? நீயா?"

"ஏனுங்க, நான் வெளையாடக் கூடாதுங்ளா?"

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் அரசுப் பேருந்தில் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஓட்டுநர் இருக்கையின் மேல் ஒரு கண். கனரக வாகன உரிமத்துக்கு விண்ணப்பித்தும் பார்த்தாள். இடது கண்ணில் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் கைபேசியில் பேருந்து ஓட்டும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னத் திரையில் வளைவு தெரிவதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கும். பெரிய திரையும் ஸ்டியரிங்கும் வைத்து முறையாக ஓட்ட வேண்டும் என்று ஆசை வளர்ந்துவிட்டது.

கடையில் முழுசாக விற்பதைப் பார்த்தாள். வெளியே மினுமினுப்பு, உள்ளே சரக்கு கம்மி. சரி, பாகம் பாகமாக வாங்கி நாமே கோத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். வீட்டில் மின்சாரம் ஏறி இறங்கும், அதனால் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. சித்திரை வெயிலுக்குக் கண்ணாடிப் பெட்டி ஆகாது, காற்று புகுந்து போகிற பெட்டிதான் வேண்டும். ப்ராசசரில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தாள். தானாகத் திரையில் படம் காட்டத் தெரியாத வகை அது. பரவாயில்லை, அந்த வேலைக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே.

அந்தக் கார்டுதான் புதிதாக எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜினோ அவள் பேருந்தில் தினமும் வருகிறவன். மலையாளி, இவளை அக்கா என்கிற மாதிரி சேச்சி என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் கேட்டபோது, பழைய கார்டுகள் மொத்தமாக வந்திருக்கின்றன என்று ஒன்றை எடுத்து நீட்டினான்.

"நான் தன்னே ஓட்டிப் பார்த்தது சேச்சி. ஒரு பயமும் வேண்டா."

அவன் சொன்ன பிறகு அவள் வேறு கேள்வி கேட்கவில்லை.

விடுமுறை நாளன்று சாப்பாட்டு மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினாள். மணிகண்டன் தேங்காய்க் களத்து வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று திருகாணி எடுத்துக் கொடுத்தான். எல்லாம் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது, கார்டின் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

பிரித்தாள், மாட்டினாள். மறுபடியும் பிரித்தாள். விசிறி சுற்றுகிறதே, கார்டின்மேல் எப்படிச் சந்தேகம் வரும்? தன் கைமேல்தான் வந்தது. எதையோ அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள்.

"நல்ல சாமானத்தயெல்லாம் நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"இரு லட்சுமி, தெரிஞ்சவங்க யாராச்சும் பாக்கட்டும்" என்றான் அவன்.

கோயம்புத்தூரில் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனார்கள். அங்கிருந்த பெண் தன்னிடமிருந்த கார்டு ஒன்றை மாட்டியதும் திரையில் எழுத்து வந்துவிட்டது. செல்வலட்சுமிக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண் இவள் கொண்டுபோன கார்டைத் திருப்பி வைத்து, திருகாணிகளைக் கழற்றி, மேலே மூடியிருந்த கனத்த உலோகப் பாகத்தைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

நடுவில் சிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பல்லைப் பிடுங்கிய ஈறு மாதிரி ஒரு வெற்றுச் சதுரம், அதில் புள்ளி புள்ளியாக ஈயம்.

"சிப்பக் கழட்டி வித்துட்டு, வெறும் பலகைய மூடிக் குடுத்திருக்காங்க."

செல்வலட்சுமி அந்தச் சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கெட்டுப்போன பொருளை ஏமாற்றி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். உள்ளே பொருளே இல்லாமல் விற்க முடியும் என்று நினைத்ததே இல்லை. அதைவிட, ஓட்டிப் பார்த்தேன் என்றானே ஜினோ! இதை எப்படி ஓட்டிப் பார்த்திருப்பான்?

நேரே சித்தூருக்குப் போய் அந்தப் பலகையை அவன் முன்னால் வைத்தாள். திட்டுவதற்கு வாய் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வெளிறிப்போன முகம். திருப்புளியை எடுத்து, அலமாரியில் இருந்த அடுத்த கார்டைத் திறந்தான். காலி. அதற்கடுத்ததும் காலி. மூன்றாவதைத் திறக்கும்போது திருகாணி தரையில் உருண்டது. அதற்குள்ளும் அதே வெற்றுச் சதுரம்.

"ஓட்டிப் பாத்தேன்னு சொன்னீங்களே ஜினோ?"

"ஒண்ணு பார்த்தேன் சேச்சி. கொண்டுவந்தவன் முன்னாலே ஒண்ணு எடுத்து ஓட்டினேன், நன்னாயிட்டு ஓடிச்சு. பாக்கியும் அப்படித்தான்னு..."

"ஒரு கதவப் பாத்துப்போட்டு, ரெண்டு கதவும் சாத்தியிருக்குதுன்னு வண்டிய எடுக்கச் சொல்லி நான் டபுள் பெல் அடிச்சா என்னாகும்? ஆளு உழுந்து சாவாங்க."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அந்தக் கார்டுகளை வேறு சிலருக்கும் விற்றிருந்தான். அவள் எதிரிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னான். மறுமுனையில் ஒருவர் கத்தியது வெளியே கேட்டது. அவன் போனை வைக்காமல் முழுவதையும் கேட்டான்.

மறுநாள் அவளும் ஜினோவும் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஜினோவுக்குக் கார்டுகளை விற்றவனின் போன் அணைந்து கிடந்தது. அவன் கொடுத்த விலாசத்தில் ஒரு பேக்கரி இருந்தது. இன்றுவரை ஆள் சிக்கவில்லை.

தானே புதுக் கார்டு வாங்கித் தருவதாகவும் அது வரும்வரை வைத்துக்கொள்ளவும் சொல்லி ஜினோ ஒரு பழைய சின்னக் கார்டைக் கொடுத்தான். அதையும் மாட்டிக் காட்டி, படம் வந்த பிறகே கையில் கொடுத்தான். அதில் மரங்களெல்லாம் பச்சைப் பெட்டிகளாகத் தெரிந்தன. ஓணத்துக்கு முன் பில்லோடு புதுக் கார்டு வந்தது. அன்றைக்கு மணிகண்டன் கதவோரம் நின்று, திரையில் மலைப்பாதையில் மழை பெய்வதையும் வைப்பர் அடிப்பதையும் வாய் பிளந்து பார்த்தான். "இது நெசமாட்டவே இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஜினோ இப்போதும் அந்தப் பேருந்தில்தான் வருகிறான். வெகுநாள் அவள் டிக்கெட்டை நீட்டுவதோடு சரி, பேச்சில்லை. ஒருநாள் அவனே தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வண்டி ஓடுதா சேச்சி?"

"ஓடுது. நேத்துக் கொண்டை ஊசி வளைவுல கவுத்துப்போட்டேன், ஆளோட."

அவனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் மீதிச் சில்லறையை அவன் கையில் வைத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனாள்.