எதுக்குச் சரி?

துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளிடம் ‘சரிங்கக்கா’ என்று சொல்லித் தப்பித்த லைன்மேன் ஒருவன்கூடக் கிடையாது. எந்த லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது, பக்கத்தில் எதில் இன்னும் மின்சாரம் ஓடுகிறது, நிறுத்திப் பூட்டிய சுவிட்சின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் ஃபோனில் சொல்வாள். கம்பத்தில் ஏறப்போகிறவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கும் இதே சட்டம்தான்.

“சரிங்கக்கா.”

“எதுக்குச் சரி?”

“நீங்க சொன்னதுக்குத்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

இப்படியே இழுத்து, அவன் வாயிலிருந்து லைன் எண்ணை வரவழைத்த பிறகுதான் விடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் ‘திருப்பிச்சொல்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. பேர் வைத்தவர்கள் எல்லாம் முழு உடம்போடு வீடு போய்ச் சேர்ந்தார்களா, அவளுக்கு அது போதும். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய ஷிஃப்டில் ஒருத்தனுக்கும் விரல் நுனிகூடச் சுட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவள் ஆஸ்பத்திரியில் போய் இரண்டு மாதம் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள் என்றால் அவளோடு வேலை பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஆட்டத்தான் செய்தாள்.

இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று சொல்லி, கீமோ ஆரம்பிக்கலாம் என்றார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் நீதிமன்றத்தில் தட்டச்சர். காகிதம் என்று அந்த வீட்டுக்குள் எது வந்தாலும் அவர் கைக்குத்தான் போகும். டாக்டரும் முதல் நாளே அதைக் கண்டுகொண்டார். நோய் தங்கைக்கு, பேச்சு அண்ணனிடம். நடுவில் ஒரு தரம் அவள் பக்கம் திரும்பி, “புரிஞ்சுதாம்மா?” என்பார். அவள் அப்போதுதான் மேல்சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பாள். வெளியே பெஞ்சில் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிலைமையில் யாருக்குக் கேள்வி வரும்? “சரிங்க டாக்டர்” என்பாள்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று அண்ணன் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “ஒண்ணுமில்ல, வா போலாம்” என்றார். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனுஷன் அழுவான்? அவள் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அந்த வாரமே ஆபீஸுக்குப் போய், கட்டுப்பாட்டு அறையில் இருந்த தன் அலமாரியைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் கீமோவின்போது சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணன் பஸ்ஸிலேயே அதைப் படித்து முடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“என்னண்ணா போட்டிருக்கு?”

“என்னத்தப் போடுவான். நல்லா சாப்பிடு, நல்லா தூங்குன்னு போட்டிருக்கான்.”

எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு நாலாம் பக்கத்தில் இருந்தது. அது தங்கை கண்ணில் படக்கூடாது என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணமில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. நாலோடு சேர்ந்து ஐந்தும் பைக்குள் போனது.

இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் மத்தியானம் அவளுக்கு உடம்பு கொதித்தது. அண்ணி காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். வேர்த்து விட்டது. சாயங்காலம் மறுபடி ஏறியது. மறுபடி ஒரு மாத்திரை, மறுபடி இறங்கியது. “பாத்தியா என் கைராசிய” என்றாள் அண்ணி. இரண்டு நாள் கைராசியில் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் குளியலறை வாசலில் கால் மடங்கி விழுந்தவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஏழு நாள் வார்டில் கிடந்தாள். அதில் முதல் இரண்டு நாள், பிழைப்பாளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஊசி போட வந்த நர்ஸ் கேட்டாள். “கீமோ எடுத்தா ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சு போகும்மா. கிருமி உள்ள வந்தா எதுத்து நிக்க ஆளிருக்காது. காய்ச்சல் ஒண்ணுதான் வெளிய தெரியும். முப்பத்தெட்டு டிகிரி, ஃபாரன்ஹீட்ல நூறு தாண்டுச்சுன்னா நேரா இங்க வரணும், நீங்களா மாத்திரை போடக்கூடாது. புத்தகத்துலயே இருக்கே, படிக்கலையா?”

கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தால் அதை அமர்த்த ஒரு பொத்தான் உண்டு. மணியை மட்டும் அமர்த்திவிட்டு, கோளாறு எங்கே என்று பார்க்காமல் போய் உட்காருகிற ஆளை அவள் அடுத்த ஷிஃப்டுக்கு வைத்திருக்க மாட்டாள். அதைத்தான் தன் உடம்புக்கு இரண்டு நாள் செய்திருந்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அண்ணன்மேல், டாக்டர்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல்.

அண்ணியிடம் சொல்லிப் புத்தகத்தை வரவழைத்தாள். அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாள். நாலாம் பக்கத்தையும் படித்தாள். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஐந்தாம் பக்கத்தை மூன்று தரம் படித்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் அறையில், வழக்கமாக அண்ணன் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அண்ணன் ஃபைலை அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

“மிச்சம் நாலு கீமோ இருக்கு. மருந்தோட அளவைக் கொஞ்சம் குறைச்சிருக்கோம்” என்று டாக்டர் அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “புரிஞ்சுதாம்மா?”

“எனக்கு என்ன புரிஞ்சிருக்குன்னு நான் சொல்றேன் டாக்டர். தப்பிருந்தா நிறுத்துங்க.”

“வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும். நானும் அந்த பெஞ்சுல இருந்துதான் வரேன். அன்னிக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிச்சோம். அப்புறம் ஏழு நாள் உங்க கட்டில்ல கிடந்தேன். யாருக்கு என்ன லாபம்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“முப்பத்தெட்டு டிகிரி ஆச்சுன்னா மாத்திரை கிடையாது, நேரா இங்க. வந்ததும் கீமோ ஆளுன்னு சொல்லணும். இது சரியா?”

“சரி.”

“பெஞ்சுல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் முதல்ல ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. எனக்குப் பண்ணல. ஏன்னா எனக்கு எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. வெட்டிப் பிரயோஜனம் இல்ல. கீமோவும் சும்மா பேருக்குத்தான் குடுக்கறீங்க. இது சரியா?”

டாக்டர் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“அங்க பாக்காதீங்க. கட்டி இங்க இருக்கு.”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த இரண்டு மாதத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்து முழுசாகப் பேசியது அன்றுதான். “அக்குள்ல மூணு நிணநீர் முடிச்சுல இருக்கு. எலும்புல இல்ல, நுரையீரல்ல இல்ல, ஈரல்ல இல்ல. கட்டி பெருசா இருந்ததால முதல்ல கீமோ குடுத்துச் சுருக்கறோம். ஆறு முடிஞ்சதும் ஆபரேஷன் உண்டு. குணப்படுத்தத்தான்மா பாக்கறோம். உத்தரவாதம் தர முடியாது. ஆனா பேருக்கு ஒண்ணும் பண்ணல.”

“அக்குள்ல மூணு. வேற எங்கயும் இல்ல. ஆறு முடிஞ்சதும் ஆபரேஷன்.” அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னால் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “மூணு முடிச்சுன்னு சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்மா” என்றார்.

அவள் திரும்பினாள்.

“உன் மூஞ்சியப் பாத்துத்தாண்ணா இத்தனை நாளா என் ரிப்போர்ட்டைப் படிச்சேன். படிச்சிட்டு, மிச்ச கீமோ எதுவும் வேண்டாம்னு சொல்லத்தான் இன்னிக்கு இங்க வந்தேன்.”

அவள் கையை நீட்டினாள். அண்ணன் ஃபைலைக் கொடுத்தார்.