ஷெட்டுக்குள் ஓடிய கார்

பழைய மோஸ்தரில் புதிதாகச் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கும் ஷோரூமில் அவளுக்குப் பல வருட அனுபவம். உள்ளே வருகிறவரின் நடையை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இளமையில் கைகூடாத ஆசையைத் தீர்க்க வருபவர்கள் வண்டியை ஓட்டித் தேய்ப்பார்கள். விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைப்பவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பயம்.

அக்காவின் கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அந்த முகத்தோடுதான் வந்து நின்றார்.

“இந்த மாடலை நிறுத்தப் போறாங்களாமே? அப்புறம் இது தங்கம் மாதிரி.”

“நிறுத்துனா ஏறும் அத்தான். மறுபடி செய்ய ஆரம்பிச்சா இறங்கிடும். ஓட்டுறதுக்குன்னா வாங்குங்க.”

“நான் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே” என்றவர், அவள் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து வேறொருவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிலோமீட்டர் கூடினால் மதிப்பு குறையுமென்று வண்டியை வெளியே எடுக்கவேயில்லை. விலையும் எகிறத்தான் செய்தது. ஷெட்டின் ஜன்னலை அடைத்தார். கதவிடுக்குகளில் துணி திணித்தார். வீட்டுக்கு வந்த சொந்தத்தம்பியையே சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு கம்பெனி அதே மாடலை மீண்டும் செய்யப்போவதாக அறிவித்தது. விலை மளமளவென்று சரிந்தது.

ஒரு மதியம் அக்கா போனில் ஏதேதோ பேசிவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்: “பேட்டரி செத்துடக் கூடாதுன்னு தினமும் வண்டிக்குள்ள உட்கார்ந்து ஸ்டார்ட் பண்றாரு. இப்பவும் அங்கதான் இருக்காரு.”

“ஷெட் கதவு?”

“மூடித்தான் இருக்கு. தூசி வருமாம்.”

அடைத்த ஷெட்டுக்குள் இன்ஜின் புகை போக வழியில்லை என்பது அவளுக்கு உறைத்தது. “அக்கா, ஓடிப்போய்க் கதவைத் திற.”

“திட்டுவாரே.”

“திட்டட்டும், போ.”

போனில் செருப்புச் சத்தம். இரும்புக் கதவு இழுபடும் சத்தம். பிறகு இன்ஜின் உறுமல். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல், “ஏங்க… ஏங்க…” என்று திரும்பத் திரும்ப.

புகையில் மயங்கிக் கிடந்தவர் உயிர் தப்பினார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், “கதவை மூடினியா?” என்றுதான் கேட்டார்.

கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் மதியமானால் அவர் எழுந்து காலி ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அக்கா பின்னாலேயே போய்த் திறந்து வைக்கிறாள்.